சாரா டீச்சரின் நான்காவது சரணம்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் அறுப்பின் பண்டிகை ஆராதனைக்குப் போயிருந்தேன். தேவாலய வாசலில் வாழைக்குலை, கரட், கட்டுக்கட்டாக லீக்ஸ், கூடவே யாரோ காணிக்கையாகக் கட்டிவிட்டுப் போன ஓர் உயிருள்ள சேவல். லீக்ஸ் வாசனையும் ஈரக் குடைகளின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் எனக்கு வயது இறங்கத் தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு தம்பி கீபோர்டில் எதையோ அழுத்தினார். பெட்டிக்குள்ளிருந்து தாளம் தானாகவே புறப்பட்டது. இப்போதெல்லாம் பாட்டுப் புத்தகம் கிடையாது, சுவரில்தான் எழுத்து விழுகிறது. விழுந்த பாட்டு எங்கள் சாரா டீச்சருடையது! கீழே பொடி எழுத்தில், "இயற்றியவர்: தெரியவில்லை."

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவருக்கு எங்கே தெரியப்போகிறது, அந்தப் பாட்டோடு சேர்ந்து ஒரு தோட்டமே ஓடிவந்த கதை? உங்களுக்காவது சொல்கிறேன்.

எனக்கு முதல் நியமனம் றொசல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில். நான் கணக்கு டீச்சர். சாரா தமிழ் டீச்சர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். இரண்டு பேரும் ஒரே குவாட்டர்ஸில் இருந்தோம், ஒரே மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தோம், ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் "டீச்சர்" என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். அவளிடம் ஒரு ஆர்மோனியம் இருந்தது. வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் அது உட்கார்ந்திருக்கும், நாங்கள் தரையில் உட்கார்ந்திருப்போம். ரசம் கொதிக்கும்போது அவளுக்கு ஒரு ராகம் வரும். உடனே எழுந்து போய்விடுவாள். நாங்கள் சாப்பிட்ட தீய்ந்த ரசத்துக்கெல்லாம் இன்றைக்குத் தேவாலயங்களில் பாட்டு இருக்கிறது.

அவள் மஸ்கெலியாக்காரி. பிறந்த லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடு, நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. பஸ்ஸில் போகும்போது தண்ணீரைக் காட்டி, "அந்தா, அதுதான் எங்க குசினி," என்பாள், ஏதோ அடுத்த திருப்பத்தில் இறங்கப்போகிறவள் மாதிரி. சின்ன வயதில் டவுன் பள்ளிக்கூடம் ஒன்றில் சங்கீத வகுப்புக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். "தோட்டத்துப் புள்ளைக்கு சங்கீதம் எதுக்கு?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் இதைச் சொல்லும்போது மட்டும் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிவைத்துவிடுவாள்.

அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. எங்கள் பள்ளிக்கூடத்தின் நேரசூசியில் சங்கீதம் ஒரு பாடமாக ஏற வேண்டும். அனுமதி வருவதற்கு முன்பே பாடத்தைத் தொடங்கியும்விட்டாள். கொழுந்து பறிக்கிற கைகளுக்குப் பிறந்த பிள்ளைகளுக்குத் தாளம் எப்படிச் சொல்லிக்கொடுத்தாள் தெரியுமா? விரலை மடக்கி, "இலை, இலை, மொட்டு. இலை, இலை, மொட்டு." திஸ்ர நடை அப்படியே வந்துவிட்டது. என் கணக்கு வகுப்பில் வாய் திறக்காத பயல்கள் அங்கே தொண்டை கிழியப் பாடினார்கள். நானும் ஒருநாள் சேர்ந்து பாடினேன். சாரா வாசிப்பதை நிறுத்திவிட்டு, மிகுந்த மரியாதையோடு, "டீச்சர், நீங்க வாய மட்டும் அசைங்க, போதும்," என்றாள். அந்தத் தடையை அவள் எடுக்கவே இல்லை.

சங்கீதத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடம் இருவரும் போனோம். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் நம்பிக்கை இல்லை. "பெத்தவங்க விரும்பினா நான் எழுதித் தாறேன். தோட்டத்துல யாரு விரும்பப் போறாங்க? அறுப்பின் பண்டிகையன்னைக்கு உங்க புள்ளைங்க பாடுறப்போ வாறேன். பெத்தவங்கள வரச் சொல்லுங்க, பாப்போம்."

லயம் லயமாக ஏறி இறங்கினோம். எல்லா வீட்டிலும் பிளேன்டீ கிடைத்தது, எல்லா வீட்டிலும் ஒரே பதிலும் கிடைத்தது. "ஞாயித்துக்கெழமதானே டீச்சர் வெறகுக்குப் போகணும்."

அதற்கிடையே சாராவுக்கு இன்னொரு யோசனை. தன் புதுப் பாட்டுக்குத் தப்பு மேளம் வேண்டும் என்றாள். எங்கள் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லோரையும் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பை அடிப்பவர் செல்லையா அண்ணன். அவரைக் கூப்பிட்டு இலை, இலை, மொட்டைப் பழக்கினாள். போதகருக்குத் தயக்கம். "கோயிலுக்குள்ள தப்பா, டீச்சர்?"

"வெளிய வாசல்ல நின்னு அடிக்கட்டுங்க ஐயா. சத்தம் மட்டும் உள்ள வந்துட்டுப் போகட்டும்."

இந்தச் சமரசம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். தேவாலயம் மேட்டில், லயங்கள் எல்லாம் கீழே பள்ளத்தில்.

பண்டிகை நாள் வந்தது. பாடகர் குழு தயார். பெற்றோர் என்று பார்த்தால் மூன்று பேர், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாராவின் முகம் வெளிறிப்போயிருந்தது. செல்லையா அண்ணன் இரவல் வாங்கிய வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டு மூச்சுத் திணற நின்றார். பாட்டு தொடங்கியது. அதிகாரி தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பதற்றத்தில் பழக்கியதெல்லாம் பறந்துவிட்டது, கை தினமும் அடிக்கும் அடிக்குத் தானாகப் போய்விட்டது. டண்டக்கு டண்டக்கு டக்! சுத்தமான பெரட்டு.

சாரா ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஆர்மோனியத்தை அந்த அடிக்கே திருப்பிவிட்டாள். பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். பாட்டு நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாறிவிட்டது.

கொழுந்து மண்டிக்கிடக்கும் காலத்தில் ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசு வேலை வைப்பார்கள், அன்றைய காசு அன்றைக்கே கிடைக்கும். தப்புச் சத்தம் கேட்டதும் லயங்களில் இருந்தவர்கள் அதுதான் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது சரணத்தில் ஜன்னலுக்கு வெளியே முதல் கூடை தெரிந்தது. மூன்றாவது சரணத்தில் படியெல்லாம் கூடை. இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் துணி, வாயில் பாதி ரொட்டி. இவர்களுக்குப் பின்னால் கங்காணி, ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு. "எவன்டா இன்னைக்கு பெரட்டு அடிச்சது?"

சாரா ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கை விரலை உதட்டில் வைத்தாள். கங்காணி நுரையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெஞ்சுக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடுவதுபோல நடித்தேன்.

பாட்டு முடிந்ததும் அதிகாரி மலர்ந்த முகத்தோடு எழுந்து, வாசலில் நின்ற ஒரு பெண்ணிடம், "புள்ள பாட்டுப் படிக்க விருப்பமாம்மா?" என்றார்.

"விருப்பந்தாங்கையா. இப்ப எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகணும், அதச் சொல்லுங்க."

அதிகாரி விழித்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன், சாராவும் மூடிக்கொள்ள வேண்டும் என்றும். அவளா? "பொய் சொல்லக்கூடாதுங்கையா. இவங்க பாட்டுக்கு வரல. வேலைன்னு நெனச்சு வந்துட்டாங்க."

என் உயிர் பாதி போய்விட்டது. அதிகாரியின் முகமும் விழுந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்து, "வேலை இல்லையாம். போறவங்க போகலாம்," என்றார்.

யாரும் அசையவில்லை. அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தாள். "வந்தது வந்துட்டோம். எம் புள்ள பாடுறத நான் இப்பதான் பாக்குறேன். இன்னொருக்காப் பாடச் சொல்லுங்க டீச்சர்," என்று சொல்லிப் படியிலேயே உட்கார்ந்தாள். கூடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. விருப்பமுள்ளவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது கங்காணி இரண்டு கையையும் தூக்கினார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே எழுதிக் கொடுத்தார். நேரசூசியில் சங்கீதம் ஏறியது. என் கணக்குப் பாடத்திலிருந்துதான் நேரத்தை வெட்டினார்கள். வெட்டட்டும்!

அன்று பின்னேரம் இருவரும் அந்தப் படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். நடுவில் சாரா சட்டென்று அழுதாள். அழுதுகொண்டே நான்காவது சரணத்தைக் கட்டிவிட்டாள்.

கூடையோடு ஓடி வந்தோம்
வேலை என்று ஓடி வந்தோம்
கூப்பிட்டது நீயே என்று
வந்த பின்பே கண்டு கொண்டோம்

பிறகு எத்தனையோ தோட்டங்களுக்கு ஆர்மோனியத்தோடு பஸ் ஏறி அந்தப் பாடத்தைத் தொடங்கிவைத்தாள். கொண்டக்டர்கள் அந்தப் பெட்டிக்கும் டிக்கெட் கேட்பார்கள், அவள் ஒரு சரணம் பாடித் தப்பித்துவிடுவாள். சில வருடங்களுக்கு முன் காலமானாள். செல்லையா அண்ணன் அவளுக்கும் முன்னால். பெரட்டுக்கு இப்போது தப்பு இல்லை, செய்தி ஃபோனில் வருகிறதாம். கூடைகூட இல்லை, நைலோன் பைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று சரணத்தோடு சுவரில் பாட்டு முடிந்துவிட்டது. நான்காவது இல்லவே இல்லை. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, எழுந்து நின்று தனியாகப் பாடிவிட்டேன். நான்கு வரி, நான்கு சுருதி. தேவாலயமே திரும்பிப் பார்த்தது. வாசலில் சேவல் கூவியது. மன்னித்துவிடுங்கள் டீச்சர், வாயை மட்டும் அசைத்தால் அன்றைக்குப் போதாது.

ஆராதனை முடிந்ததும் கீபோர்ட் தம்பி வந்தார். "அன்ட்டி, அந்த வரிகளச் சொல்லுங்க, சேத்துக்கிறோம். யாரு எழுதினது?" பெயரைச் சொன்னேன். அங்கேயே ஃபோனில் அடித்துக்கொண்டார். "இதோட தாளம் எப்புடி அன்ட்டி?"

பெஞ்சில் தட்டிக் காட்டினேன். டண்டக்கு டண்டக்கு டக். நன்றாகவே தட்டினேன், கீழே பள்ளம் வரைக்கும் கேட்கிற மாதிரி. தட்டிவிட்டு என்னையறியாமல் வாசலைப் பார்த்தேன். சேவல் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது.