மாமியிடம் பறித்த சனிக்கிழமைகள்

மாமியைப் பழிவாங்கியதற்காக நான் இன்றுவரை ஒரு துளிகூட வருத்தப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டு வாசித்துவிட்டுக் குறை சொல்லக் கூடாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து தனியாகக் கொழும்புக்கு வந்து, புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். குடியிருந்தது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கையான மாமியின் வீட்டுப் பின்னறையில். வாடகை கொடுத்துத்தான் இருந்தேன். ஆனால் அந்தக் காலத்தில் வாடகை பெரிய விஷயம் இல்லை. வீட்டுக்காரர் பொலிஸுக்குக் கொடுக்கும் பதிவில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த சுற்றிவளைப்பில் ஆமியின் ட்ரக்கில் ஏற வேண்டியதுதான். அந்தப் பதிவு மாமியின் கையில் இருந்தது. அதை அவர் ஒரு நாளும் எனக்கு மறக்க விட்டதில்லை.

"பிள்ளை, உம்மட பேரைப் போட்டுத்தானே வச்சிருக்கிறன். ஒருக்கா மீன் வாங்கிக்கொண்டு வந்தா என்ன?"

மீன் வாங்கினேன். கனடாவில் இருந்த மகனுக்கு மாமி சொல்லச் சொல்லக் கடிதம் எழுதினேன். அயலட்டைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தேன். வெளிநாடு போகிற சனத்துக்கெல்லாம் ஃபோர்ம் நிரப்பினேன். "எங்கட பிள்ளை டைப்பிஸ்ட் தானே, செய்து தருவா" என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிடுவார் அந்த மனுஷி.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு மணித்தியாலம். கந்தோரில் வேலை முடிந்து ஐந்தரைக்கு வீடு வந்தால் இருட்டுவதற்குள் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும். அதற்குள் படம் கீற வேண்டும். பெரிய ஓவியக்காரி ஒன்றும் இல்லை. பழுதாய்ப்போன சட்டத் தாள்களின் பின்பக்கங்களைச் சேர்த்து நூலால் தைத்து ஒரு கொப்பி செய்து வைத்திருந்தேன். பென்சில் பிடித்தால்தான் அன்றைக்கு நான் உயிரோடு இருந்தேன் என்று எனக்கே நம்பிக்கை வரும். கிழமைக்கு மூன்று நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

மாமிக்கும் ஒரு பொழுதுபோக்கு இருந்தது. அதற்கு மட்டும் நேரப் பஞ்சமே வந்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் முன்ஹோலில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டம். நான்கு பேர், இரண்டு சோடி. மாமியும் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு அங்கிளும் ஒரு பக்கம். மேல்மாடியில் குடியிருந்த வங்கி அக்காவும் அவருடைய கணவரும் மறுபக்கம். காசு வைத்து ஆடுவதில்லை, மானத்தை வைத்துத்தான். தோற்ற சோடியின் காதில் உடுப்புக் காயப்போடும் கிளிப்பை மாட்டுவது அந்த வீட்டு வழக்கம். அக்காவின் காது கிளிப்புக்கென்றே படைக்கப்பட்ட மாதிரி வாரா வாரம் சிவந்திருக்கும். "பாங்கிலயும் இந்த மூளையோடதான் வேலை பாக்கிறீரோ?" என்று மாமி சிரிப்பார். தேத்தண்ணி போடுவது, கொண்டுவந்து வைப்பது, கோப்பை கழுவுவது எல்லாம் நான்.

கொட்டாஞ்சேனை அங்கிள் மனைவியை இழந்தவர். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு, மூன்று சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டி இறங்கி ஏறி, வாரத்துக்கு ஒரு நாள் சீட்டாட வருவார். குடித்த கோப்பையைத் தானே குசினிக்குக் கொண்டுவந்து வைப்பவர் அவர் ஒருவர்தான்; என் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து ஒழுங்கையில் சுற்றிவளைப்பு. நான் கந்தோரால் வந்தபோது குளியலறை வாளியில் என் கொப்பி ஊறிக் கூழாகிக் கிடந்தது. இரண்டு வருடப் படங்கள்.

"கடலும் ரெயில் பாதையும் கீறி வச்சிருக்கிறீர். ஆமிக்காரன் கண்டா மேப் எண்டு சொல்லமாட்டானே? விசரே உமக்கு?"

மாமி பயந்துவிட்டார், பாவம் என்பீர்கள். சரி, பயம் நியாயம்தான். கடலும் ரெயில் பாதையும் இருந்த நான்கு படங்களை மட்டும் கிழித்திருந்தால் நானே வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அதே கொப்பியில் பூச்சட்டி இருந்தது, சுவரில் படுத்திருந்த பூனை இருந்தது, நினைவிலிருந்து கீறிய என் அம்மாவின் முகம் இருந்தது. அம்மாவின் முகம் எந்த ஊர் மேப்? இத்தனை பயத்திலும் அந்த மனுஷி தன் சீட்டுக்கட்டை மட்டும் பத்திரமாக அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தார். மறுநாள் அதைத் தட்டித் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டே, அங்கிளுக்கு முன்னாலேயே சொன்னார்: "படம் கீறாட்டி ஆரும் செத்துப்போக மாட்டினம். தேத்தண்ணியை வையும்."

வைத்தேன்.

முந்நூற்றி நாலில் ஏலம்போல் கூடுதலாகக் கேள்வி கேட்டவர், மற்றச் சாதிச் சீட்டுகளை வெட்டும் துரும்புச் சாதியைத் தெரிவு செய்து, ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார். அது என்ன என்று மற்ற மூவருக்கும் தெரியாது. விளையாட்டின் உயிரே அந்த மறைவில்தான் இருக்கிறது. ஆனால் முதுகுக்குப் பின்னால் தட்டோடு நிற்பவளுக்குத் தெரியும். வேலைக்காரியைப் போல நிற்பவளை யார் கவனிப்பார்கள்?

மேல்மாடி அக்காவிடம் படிக்கட்டில் வைத்து என் திட்டத்தைச் சொன்னேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. காதைத் தடவிக்கொண்டே, "எப்ப தொடங்குவம்?" என்று கேட்டார். நான் வைக்கும் கோப்பையின் பிடி யன்னல் பக்கம் பார்த்தால் துரும்பு ஆட்டின், கதவுப் பக்கம் பார்த்தால் ஸ்கோப்பன், அக்காவைப் பார்த்தால் டயமன், சுவரைப் பார்த்தால் கிளாவர். மாமி வைத்த துரும்பையும் காட்டினேன், அங்கிள் வைத்ததையும் காட்டினேன். சோடி தோற்க வேண்டுமே.

தோற்றார்கள். முதல் சனி மாமியின் காதில் கிளிப் ஏறியபோது நான் குசினிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். இரண்டாம் சனியும் ஏறியது, மூன்றாம் சனியும் ஏறியது. என்ன சுகம் அது! கந்தோரில் டைப் அடிக்கும்போது நினைத்தாலும் இனித்தது. மாமிக்குச் சனிக்கிழமை மத்தியானச் சோறு இறங்காமல் போயிற்று. எனக்கு இரண்டு பங்கு இறங்கியது.

ஏழாவது சனி மாமி சீட்டுகளை மேசையில் எறிந்தார். என்னைப் பார்த்து இல்லை, அக்காவைப் பார்த்தும் இல்லை. அங்கிளைப் பார்த்து.

"உமக்கு மூளை கலங்கிப் போச்சு. என்ன இறங்கினது, என்ன மிச்சம் எண்டே தெரியாமல் ஆடுறீர். உம்மோட இருந்து இனி நான் இந்தக் கிளிப் போடமாட்டன்."

அங்கிள் காதிலிருந்த கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். கோப்பையை எடுத்துக் குசினியில் கொண்டுவந்து வைத்தார். "வாறன் பிள்ளை" என்றார். பிறகு வரவில்லை.

ஆட்டம் அதோடு முடிந்தது. சனிக்கிழமைகளில் மாமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். வேலை சொல்லவும் அவருக்கு மனம் ஏவவில்லை. தேத்தண்ணியும் இல்லை, கோப்பையும் இல்லை. மத்தியானம் தொடக்கம் பொழுதுபடும் வரை முழுச் சனிக்கிழமையும் எனக்கு. புதுக் கொப்பி தைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கீறித் தள்ளினேன். மாமி பெருமூச்சு விடுவது சுவருக்கு அப்பால் கேட்கும். நல்லாக் கேட்கட்டும் என்று இன்னும் அழுத்திக் கீறினேன்.

ஆறேழு மாதம் கழித்து, புதுக்கடையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் அங்கிளைக் கண்டேன். ஏதோ சத்தியக் கடதாசி முடிக்க வந்திருந்தாராம். சேர்ட் கசங்கியிருந்தது. என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். மாமி சுகமா என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவ சொன்னது சரிதான் பிள்ளை. எனக்கு ஞாபகம் பிசகிப் போச்சு. முப்பது வருசமா ஆடின ஆட்டம், கடைசி ஏழு கிழமையும் என்ன பிழை விட்டனான் எண்டு இண்டைக்கும் பிடிபடேல்லை. டொக்டரிட்டயும் காட்டினனான். வயசுதான் எண்டு சொல்லிப்போட்டார். இப்ப தனிய வெளிக்கிடவும் பயமாக் கிடக்கு. பஸ்ஸை மாறி ஏறிடுவனோ எண்டு."

வாய் வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வசனம்தான். நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை அங்கிள், நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மாமியின் காதுக்குப் போகும். பொலிஸ் பதிவிலிருந்து என் பெயர் போகும். சனிக்கிழமை போகும்.

அவர் என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"திருப்பிக் கீறத் தொடங்கிட்டீரோ? நல்லது, நல்லது. இப்ப நேரம் கிடைக்குதோ?"

"ஓம் அங்கிள்," என்றேன். "இப்ப நல்லாக் கிடைக்குது."