காது கேட்கும் கருவிக்கு மூன்று மனு

கென்டக்கி மலைப்பக்கம் இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் வெர்லீன் டாக்கெட். மகளை அடித்த மருமகனின் லாரிக்குத் தீ வைத்துவிட்டு, அறுபத்தொரு வயதில் எங்கள் பெண்கள் சிறைக்கு வந்தாள். என் கட்டிலுக்குக் கீழ்க்கட்டில் அவளுக்கு.

ஒருநாள் அறைச் சோதனையில் காவலர் ஒருவரின் பூட்ஸ் மிதித்து அவளுடைய காது கேட்கும் கருவி நொறுங்கியது. அப்போதே நீதிபதிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நான் பேனாவைப் பிடுங்கினேன். முழங்கால் அடிபட்டதற்கு நான் நேராக நீதிமன்றத்தில் போட்ட வழக்கு அப்படித்தான் வீணாய்ப் போயிற்று. சிறைக்குள் உள்ள புகார் வழிகளை முடிக்காமல் வந்தது தவறு என்று தள்ளுபடி செய்தார்கள். அதற்குள் இங்கே புகார் கொடுக்கும் கெடுவும் தாண்டிவிட்டது.

அவள் காதருகே கத்தினேன். "முதல்ல இங்க மனு. அப்புறம் சூப்பிரண்டுக்கு. அப்புறம் தலைமை ஆபீசுக்கு. மூணும் முடிஞ்சாத்தான் கோர்ட்டு."

"கோட்டா? இந்த வெயில்ல கோட்டு எதுக்கும்மா?"

எழுதிக் காட்டினேன்.

'ஊழியரிடம் பேசித் தீர்க்க முயன்றீர்களா?' என்று படிவம் கேட்டது. வெர்லீன் எழுதினாள்: 'பேசினேன். அவரும் பதில் சொன்னார். எனக்குத்தான் கேட்கவில்லை.'

மனு திரும்பி வந்தது. ஒரு தாளில் ஒரு குறைதான் எழுதலாமாம். கருவி உடைந்தது ஒன்று, அதைப் பார்த்துக் காவலர் சிரித்தது இன்னொன்று.

"சிரிச்சதுக்குத் தனித் தாளு போட்டுட்டேன்மா. இனிமே அந்தாளு தும்மக்கூட யோசிப்பான்."

கருவி மனு தள்ளுபடியானது. சூப்பிரண்டும் மறுத்தார். ஒவ்வொரு பதிலையும் மெத்தைக்கடியில் பத்திரப்படுத்தினாள். அவளுக்கு உற்சாகம் ஏறிக்கொண்டே போனது.

"இன்னும் ஒரே ஒரு 'இல்லை' வரட்டும். நேரா கோர்ட்டுதான்."

மூன்றாவதாக வந்தது சம்மதம். புதுக் கருவி வாங்கித் தரத் தலைமை அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஜட்ஜுகிட்டப் பேச நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேனே."

"என்கிட்டப் பேசுங்க. நான் தள்ளுபடி பண்றேன்" என்று எழுதிக் கொடுத்தேன். சிரித்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் கருவி வந்தது. மாட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து தொடர் பார்த்தாள்.

"இவங்க இதைத்தான் பேசிட்டிருந்தாங்களா? நான் மனசுக்குள்ள போட்ட வசனம் எவ்வளவோ மேல்."

அடுத்த வாரம், சமையலறையில் கையைச் சுட்டுக்கொண்ட ஒருத்தி அவளைத் தேடி வந்தாள். வெர்லீன் கட்டிலில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

"காயம் அப்புறம். சம்பவம் நடந்து எத்தனை நாளாச்சு, அதைச் சொல்லு."