பதினான்கு மில்லிமீட்டர்

ஷாங்காயின் அடிமண் கெட்டித் தயிர் மாதிரி. அதைக் குடைந்து சுரங்கம் போட்டால் மேலே தரை எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் டாய் ருய்லானின் வேலை. இருபத்தோரு வருஷமாகச் சொல்கிறாள், சொன்னபடியே இறங்கும். ஆரம்பத்தில் அதில் ஒரு பெருமை இருந்தது. பிறகு அதுவும் மரத்துப்போயிற்று. தரை இறங்கும், அவள் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பாள், அவ்வளவுதான்.

அந்தப் பழைய செங்கல் வீட்டுச் சந்துக்கு அவள் எழுதிக்கொடுத்தது பதினான்கு மில்லிமீட்டர். அதை நம்பித்தான் முப்பது குடும்பங்களையும் காலி செய்யச் சொல்லாமல் விட்டார்கள். மெட்ரோ இயந்திரம் அடியில் குடைந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் மட்டம் பார்த்தார்கள். நேற்று பத்து, இன்று பதினொன்று.

சந்தில் பலகாரக்கடை வைத்திருக்கும் கூ ஆகென் அவளை மறித்தார்.

“இன்ஜினியரம்மா, என் வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது.”

“பிளம் பழ மழைண்ணே. மரம் ஊறியிருக்கும்.”

அந்த ஊரில் பிளம் பழுக்கும் ஜூன் மாதம் எது கெட்டாலும், அப்போது விடாமல் பெய்யும் அந்த மழையின் தலையில்தான் பழி.

“வருஷா வருஷம்தான் ஊறுது. இந்த வருஷம் ஒரு மூலை மட்டும் இடிக்குதே, அதென்ன மழை? மாடியில என் மக பிள்ளை பெத்துப் படுத்திருக்கா. பன்னிரண்டு நாள்தான் ஆச்சு. ஒரு மாசம் காத்துகூடப் படக்கூடாது.”

அவள் நான்கடி நடந்துவிட்டு நின்றாள். தினமும் எதை வைத்து மட்டம் பார்க்கிறார்கள்? அசையாது என்று நம்பிச் சந்து முனைக் கிடங்குச் சுவரில் அடித்த ஆணியை வைத்து. ஆழத்திலுள்ள கெட்டி மண்வரை இறக்கிய, நிஜமாகவே அசையாத கம்பி இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கிருந்து மட்டம் கொண்டுவர அரைநாள் ஆகும் என்று ஆணிக்குச் சரி சொன்னவள் அவளேதான். கிடங்கு நிற்பதும் அதே தயிரில்.

கம்பியிலிருந்து கொண்டுவந்து பார்த்தார்கள். நாற்பத்து மூன்று. ஆணியும் சந்தோடு சேர்ந்தே இறங்கியிருந்தது.

“இயந்திரத்தை நிறுத்துங்க. எல்லாரையும் வெளியே கொண்டுவாங்க” என்று போனில் சொன்னாள். டீ வாங்கிவரச் சொல்வது போலிருந்தது குரல். பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

ஆகெனின் மகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பிள்ளையை மார்போடு அணைத்தபடி மழையில் இறங்கினாள். ஆகென் குடை பிடித்தார்.

“நீங்க பதினாலுன்னு சொன்னதாலதான் இவளை இங்க கூட்டிட்டு வந்தேன். இன்னும் எவ்வளவு இறங்கும்? அதையாவது சொல்லுங்க.”

“தெரியலண்ணே.”

இருபத்தோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை அது. அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது.