பட்டியலில் இல்லாத எண்

கம்பெனியின் கணினிக் கோப்புகளைச் சேமிக்கும் ஸ்டோரேஜ் பெட்டியைக் கவனிப்பவன் ஒழுங்காக வேலை செய்தால், அப்படி ஒருவன் இருப்பதே அலுவலகத்துக்குத் தெரியாது. இந்தத் தொழிலில் வதங்கும் சகபாடிகளே, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கேக் துண்டு

திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் சரக்குக் கம்பெனி. கோப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில், வொலியூம் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். எந்த சேர்வருக்கு எந்த வொலியூம் தெரியலாம் என்ற பட்டியல் என் கையில். சேர்வரைப் பெட்டியோடு இணைக்கும் அட்டையின், அதாவது காட்டின், எண் அதில் இல்லாவிட்டால், கேபிள் குத்தியிருந்தும் பயனில்லை. சேர்வர்கள் கிண்ணியா ரிஸ்வானின் பொறுப்பு.

புதிய சேர்வருக்காக இரண்டு நாள் குந்தியிருந்து வொலியூம் பிரித்து, எண் பதிந்தேன். ரிஸ்வான் வந்து சுவிட்சைப் போட்டான். அவ்வளவுதான். மறுநாள் எங்கள் அலுவலகத்து லிங்கநகர் வசந்தி அக்கா, புதிய சேர்வர் வந்த சந்தோஷத்தில் அவனுக்கென்று கேக் கொண்டுவந்தார். எனக்கு வயிறு எரிந்தது. போகிற போக்கில் என்னிடமும் நீட்டினார்.

“நீங்களும் ஒரு துண்டு எடுங்கோ தம்பி, சும்மா இருந்தாலும் எங்கட ஆள்தானே.”

அரை மணி நேரம்

பிரிவுத் தலைவர் பதவிக்கு ரிஸ்வானின் பெயரும் என் பெயரும் போயிருந்த வாரம். ரிஸ்வான் பழுதான காட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டான். புதிய காட்டுக்குப் புதிய எண். அதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டான். சேர்வர் எழும்பியது, ஆனால் அதற்கு வொலியூம் ஒன்றும் தெரியவில்லை.

அறிமுகமில்லாத எண் ஒன்று வந்து தட்டுவது என் திரையில் உடனே தெரிந்தது. அதைத் திறந்து பார்த்தேன், ரிஸ்வானின் சேர்வர்தான். பதிய ஒரு நிமிடம் போதும். பேசாமல் தேத்தண்ணி குடித்தேன். அவன் வியர்க்க வியர்க்கக் கேபிளைப் பிடுங்கிக் குத்தினான். வெளியே இறக்கக்கண்டி மீன் லொறி, திறக்காத கோப்பில் இருந்த பத்திரத்துக்காகக் காத்து நின்றது. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரை மணி நேரம் கழித்து என்னிடம் வந்தான்.

“அண்ணே, எனக்கு ஏலாது, ஒருக்கா உங்கட பக்கம் பாருங்கோவன்.”

தலைவர் கதிரை

பதிந்தேன். எல்லாம் வந்தது. முதல்முறையாக எனக்குக் கைதட்டினார்கள். ‘அண்ணன்தான் காப்பாற்றினார்’ என்று ரிஸ்வானே அறிக்கை எழுதிக் கொடுத்தான். பதவி எனக்குக் கிடைத்தது.

கதிரையில் அமர்ந்த முதல் நாள் காலை அவன் வந்து கைகொடுத்தான். ஒரு தாளை மேசையில் வைத்தான். பெட்டி தானாகவே எழுதிவைக்கும் பதிவு. யார், எப்போது, எதைத் திறந்தார் என்று அதில் இருக்கும்.

“அந்த எண் வந்த உடனையே நீங்கள் திறந்து பாத்திருக்கிறீங்கள் அண்ணே, அதை நான் அறிக்கையில எழுதேல்ல.”

கதிரை என்னிடம் வந்துவிட்டது, ஆனால் அன்றிலிருந்து அவனுடைய மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமை.