‘தொடாதே’ போல்டரைத் தொட்ட கதை

கிளிவெட்டியில் ஒரு வீட்டுச் சுவரில் கலியாணப் படம் ஒன்று தொங்குகிறது. மாப்பிள்ளை பட்டு வேட்டி, பொம்பிளை கூறைச்சேலை, இருவர் கழுத்திலும் மாலை, மாலைக்கு மேலே செம்மஞ்சள் நிற லைஃப் ஜக்கெட். பின்னால் நிற்கும் உறவுக்காரர் எல்லோரும் அதே கோலம். அந்தப் படத்துக்குக் காரணம் நான். பைல் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் என்று, வெட்கத்தைப் பார்க்காமல் எழுதி வைக்கிறேன்.

1. உப்புப் போத்தலும் மூன்று போட்டும்

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் இருபத்தொன்பது வருடம் ரெக்கோட் ரூம் என் பொறுப்பில் இருந்தது. யார் எந்தப் பைலைக் கேட்டாலும் மூன்று நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அந்தப் பெருமை எனக்கு உண்டு. தேவைக்குக் கொஞ்சம் கூடவே உண்டு. ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே குசினி அலுமாரியில் இருந்த போத்தல்களுக்கெல்லாம் லேபல் ஒட்டி முடித்துவிட்டேன். உப்புக்கும் ஒட்டினேன்.

"அடுத்தது என்ர நெத்தியிலயோ?" என்று கேட்டார் என் கணவர்.

பாலையூற்றுத் தவராசா வீடு தேடி வந்தது அந்த நேரத்தில்தான். அவர் உள்துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் மூன்று போட்டுகளுக்கு முதலாளி. தண்ணீரில் போட் அசைந்தாலே குமட்டிச் சத்தி வரும் என்பதால் சொந்தப் போட்டில் ஒருநாளும் ஏறாத முதலாளி. ஒவ்வொரு போட்டிலும் ஓட்டியின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய லப்டொப், கூரையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்.

"மிஸ், மூண்டு லப்டொப்பிலயும் பாட்டு குப்பை மாதிரிக் கிடக்கு. இவன் போடுறது அவனிட்ட இல்லை. கிளிவெட்டியில இருந்து ஒரு கலியாணப் பகுதி மூண்டு போட்டையும் கேட்டிருக்கினம். மூண்டிலயும் ஒரே பாட்டுப் போகவேணும் எண்டு ஆசைப்படுகினம். உங்களுக்கு ஏலுமோ?"

ஏலுமோவா! அன்றைக்கே மூன்று லப்டொப்பையும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கணவர் ஒரு கிழமை மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துத்தான் சாப்பிட்டார்.

2. பதினோராயிரம் பைல்

மூன்றிலும் இருந்ததை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொட்டிப் பார்த்தால் பதினோராயிரத்துச் சொச்சம் பைல். ‘புதுசு’ என்று ஒரு போல்டர். அதற்குள் ‘புதுப்புதுசு’. அதற்குள் ‘கடைசிப் புதுசு’. திறந்தால் எல்லாம் நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாட்டு. ஒரே பாட்டு தமிழ் எழுத்தில் ஒன்று, இங்கிலிஷ் எழுத்தில் ஒன்று, பெயரே இல்லாமல் வெறும் நம்பரோடு நான்கு. ஒரு பைலில் பாட்டே இல்லை. யாரோ ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே மீன் விலை கதைக்கிறார்.

நீங்களும் ஒருநாள் இந்த வேலையில் இறங்கினால் இதைக் கேளுங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு டூப்ளிகேட் பார்க்கும் மென்பொருளை ஓட விட வேண்டும். பெயரை நம்பக் கூடாது. நீளத்தையும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். இதெல்லாம் சரியாகவே செய்தேன். பதினோராயிரம் மூவாயிரமாகச் சுருங்கியது. அதில் கலியாணத்துக்கு ஏற்றதைப் பிரித்து, அகர வரிசையில் ஒரு பட்டியல் ஆக்கினேன்.

மிஞ்சியது ஒரு போல்டர். மூன்று லப்டொப்பிலும் இருந்தது. பெயர் ‘தொடாதே’.

அலுவலகத்தில் ‘தொட வேண்டாம்’ என்று எழுதிய கட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரித்தால் உள்ளே யாரோ செய்யாமல் விட்ட வேலைதான் இருக்கும். திறந்தேன். வெறும் நான்கு பாட்டு. மூன்றிலும் அதே நான்கு. நாலாவது, மெல்லிய பெண் குரலில் ஒரு தாலாட்டு. இதற்கா இவ்வளவு பில்டப் என்று நினைத்துக்கொண்டு நான்கையும் கலியாணப் பட்டியலில் சேர்த்துவிட்டுப் போல்டரை அழித்தேன். பட்டியல் இடையில் நிற்காமல் ஓடுவதற்குப் புது பிளேயர் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன்.

லப்டொப்பை எடுக்க வந்தவர் சலீம் நானா. மூதூர்க்காரர், மூன்று ஓட்டிகளிலும் மூத்தவர். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"மிஸ், நம்மட பழைய போல்டர் உள்ளுக்கு இரிக்கிதானே?"

"எல்லாம் இருக்கு நானா. முந்தியைவிட ஒழுங்கா இருக்கு."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் எந்தப் போல்டரைச் சொல்கிறார் என்று நான் ஒரு சொல் திருப்பிக் கேட்கவில்லை.

3. தாலாட்டு

கலியாண நாள் காலை பத்து மணி. போட் கட்டும் ஜெட்டியில் தவராசாவும் நானும் நிற்கிறோம். மாப்பிள்ளை, பொம்பிளையோடு சலீம் நானாவின் போட் முதலில் புறப்பட்டது. யார் எந்தப் போட்டில் ஏறுவது என்று சொந்தக்காரர் முடிவெடுக்க ஒரு பாட்டு நேரம் பிடித்ததால் மற்ற இரண்டும் பிந்தித்தான் வெளிக்கிட்டன. தண்ணீருக்கு மேலால் பாட்டு மிதந்து வருகிறது. தவராசா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

முதல் போட்டில் தாலாட்டுத் தொடங்கியது. புதுமணத் தம்பதிக்குத் தாலாட்டு! அந்தப் போட்டில் இருந்த பெண்கள் கைதட்டிச் சிரிப்பது கரைக்குக் கேட்டது. போட் திடீரென்று வேகம் குறைந்து நின்றது. பின்னால் வந்த இரண்டு போட்டும் பேய் பிடித்தது போல அதை நோக்கிப் பாய்ந்தன. பக்கத்தில் அணைத்த வேகத்தில் ஓட்டிகள் இருவரும் லைஃப் ஜக்கெட்டுகளை எடுத்துப் பொம்பிளையின் போட்டுக்குள் எறிந்தார்கள். அந்த நேரம் பார்த்து அந்த இரண்டு போட்டிலும் அதே தாலாட்டுத் தொடங்கியது. ஒரு ஓட்டி பாய்ந்து தன் போட்டின் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே குனிந்து பார்த்தார். அதைப் பார்த்த சனம் முழுக்கக் குளறிக்கொண்டு ஜக்கெட்டை மாட்டியது. படம் பிடிக்க வந்தவர் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

"இதென்ன மிஸ் புது விளையாட்டு?" என்றார் தவராசா. எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

கரைக்கு வந்ததும் பொம்பிளையின் பெரியப்பா ஜக்கெட்டைக் கழற்றாமலே வந்து நின்றார். "நாங்கள் பிள்ளையைக் கரை சேக்க வந்தனாங்கள். நீங்கள் நடுக்கடல்ல தாலாட்டுப் பாடிச் சட்டை மாட்டி விடுறீங்கள்!"

தவராசாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் சலீம் நானாவிடம் பாய்ந்தார். "ஆக்களை ஏத்திக்கொண்டு பகிடி விடுறீரோ? மற்றவங்களையும் நீர்தான் பழுதாக்கிறீர். நாளையில இருந்து வரத் தேவையில்லை."

பதினெட்டு வருடம் அந்தப் போட்டை ஓட்டிய மனிதர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

4. கேட்டது இப்போதுதான்

சலீம் நானா தன் சாமான் எடுக்கப் போட்டுக்குள் போனபோது நான் பின்னால் போனேன். "நானா, ஏன் ஒண்டும் கதைக்காம நிண்டனீங்கள்?"

"பொம்புளப் பகுதி பக்கத்துல நிக்கிது மிஸ். அவங்களுக்கு முன்னால என்னத்தச் சொல்லுற? தாலாட்டுப் போனா போட்ல தண்ணி ஏறுது எண்டா? பொறகு ஆர் நம்மட போட்ல ஏறுவாங்க?"

அப்போதுதான் விளங்கியது. இஞ்சின் சத்தத்தில் கத்தினால் மற்றப் போட்டுக்குக் கேட்காது. போனில் கதைத்தால் சனம் ஓட்டியின் முகத்தைப் பார்த்தே பயந்துவிடும். பாட்டென்றால் கைதட்டிக்கொண்டு இருக்கும். அதனால் மூன்று பேருமாக நான்கு பாட்டை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். முதலாவது, யாருக்கோ சத்தி, மெல்லப் போ. இரண்டாவது, இஞ்சின் சூடு. நாலாவது, தண்ணீர் ஏறுது, ஓடி வா. தாலாட்டுத் தானாகத் தொடங்கியதும் அதை நிறுத்தத்தான் போட்டை நிறுத்திவிட்டு என் புது பிளேயரில் பொத்தானைத் தேடியிருக்கிறார்.

"மூண்டாவது?"

"அது... சும்மா ஒண்டு மிஸ்." பிறகு மெல்லச் சொன்னார். "நான் அண்டைக்குக் கேட்டேனே, பழைய போல்டர் இரிக்கா எண்டு."

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அந்தப் போல்டர் இருந்ததே தவராசாவுக்குத் தெரியாது. அந்த எண்ணமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஒரு பைல் தொலைந்ததற்கு இன்னொருவர் தலை உருள்வதை ரெக்கோட் ரூமில் ஒருநாளும் நான் விட்டதில்லை.

கலியாணப் பகுதி வான் ஏறிப் போனதும் தவராசாவிடம் போனேன். "சலீம் நானாவில ஒரு பிழையும் இல்லை. போல்டரை அழிச்சது நான். அவர் கேக்கேக்க, பாக்காம இருக்கு எண்டு சொன்னதும் நான். ஆரையும் நிப்பாட்டுறதெண்டா என்னை நிப்பாட்டுங்கோ." நான்கு பாட்டின் கதையையும் சொன்னேன். மூன்றாவது எதற்கென்று மட்டும் எனக்கும் தெரியாது என்றேன்.

தவராசா மூன்று போட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சந்தேகமாகக் கேட்டார். "அப்ப நான் ஜெட்டிக்கு வரேக்கயெல்லாம் மூண்டு போட்டிலயும் ஒரு பாட்டுப் போகுமே... எனக்குப் பிடிச்ச பாட்டெண்டு போடுறாங்கள் எண்டெல்லோ நினைச்சனான்?"

சாமானோடு வந்து நின்ற சலீம் நானா கடலைப் பார்த்தார். நானும் கடலைப் பார்த்தேன். முதலில் சிரித்தது தவராசாதான். "நாளைக்கு நேரத்துக்கு வாரும் காணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரப்படுத்திய கொப்பியிலிருந்து ‘தொடாதே’ அன்றைக்கே மூன்று லப்டொப்புக்கும் திரும்பியது. பிள்ளைகளே, ஒருவருடைய பொருளை ஒழுங்குபடுத்தப் போகும்போது, அதைத் தினமும் எடுத்துப் புழங்குகிறவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் உங்களிடம் ஒன்று கேட்டால், என்ன கேட்கிறார் என்று விளங்கிய பிறகு ‘ஓம்’ சொல்லுங்கள்.

பாட்டுகளைப் பார்க்க மாதம் ஒருமுறை இப்போதும் ஜெட்டிக்குப் போகிறேன். ‘தொடாதே’க்குள் இப்போது ஐந்து பைல் இருக்கிறது. திறக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் வெளியிலேயே தெரியும். நான் ஜெட்டியில் கால் வைத்ததும் மூன்று போட்டிலும் ஒரு பாட்டுத் தொடங்கும். அது ஏன் என்று இதுவரை கேட்கவில்லை. எனக்குப் பிடித்த பாட்டுத்தான்.