பனி உருக்கும் மணிக்கூடு

எங்கள் தன்னாமுனை யூஜின் பன்னிரண்டு வருடம் குளிர் லொறி ஓட்டினார். பெரியகல்லாற்று இறாலைக் கொழும்புக்குக் கொண்டுபோவதும் அவர்தான், குளிர் மெஷினைப் பழுதுபார்ப்பதும் அவர்தான். மெஷினில் படியும் பனியை நேரத்துக்கு நேரம் உருக்கிவிட அதற்குள் ஒரு டைமர் இருந்தது. அது பழுதானபோது, யுத்தத்துக்குள் புதுசு எங்கே கிடைக்கும்? அலார மணிக்கூடு ஒன்றில் இரண்டு வயரைப் பூட்டிச் சமாளித்தார். அந்த நாளில் புத்தியுள்ளவன் செய்கிற வேலையா அது!

ஒருநாள் வழிச் சோதனைச் சென்றியில் மெஷின் மூடியைத் திறந்த ஆமிக்காரன் குண்டென்று அலறிக்கொண்டு ஓடினான். வரிசையில் நின்ற சனமெல்லாம் சிதறியது.

“ஐயா, இது ஐஸ் உருக்கிற சாமான்,” என்றார் யூஜின்.

மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து அதிகாரி கத்தினான்: “அப்ப கழட்டி நீயே கையில புடி. மணி அடிக்கிற வரைக்கும் அங்க நில்லு!”

யூஜின் அதைக் கழட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து வாவிக்கரையில் தனியாக நின்றார். மணி அடிக்க இன்னும் இருபது நிமிடம். உள்ளே என்ன இருக்கிறதென்று அறிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனாலும் அத்தனை பேரும் பதுங்கிக்கிடந்து பார்க்கப் பார்க்க, அவருக்கும் ஐமிச்சம் வந்தது. ‘நேத்து லொறிய விட்டுப்போட்டுச் சாப்பிடப் போனனே. ஆரும் கை வெச்சிருப்பானோ?’ அசைந்தால் வெடிக்குமோ என்று மூச்சைக்கூட மெல்ல விட்டார்.

மணி அடித்தது. அவ்வளவுதான். ஆமிக்காரர் சிரித்தபடி போகச் சொன்னார்கள்.

யூஜின் அசையவில்லை. மணி அடித்து ஓய்ந்த பிறகும் மணிக்கூடு அவர் கையில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.