கிட்டார் வாத்தியாருக்கு ஒரு நேர்காணல்

உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தபோது, மாற்றலாகிப் போகும் தாசில்தாரின் பிரிவுபசார விழாவில் ஹவாயன் கிட்டார் வாசிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். மடியில் கிடத்தி, கம்பிகள் மேல் இரும்புக் கட்டையை நகர்த்தி வாசிக்கும் கருவி அது. விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. என் கையில் அது அழுததே தவிரப் பாடவில்லை.

பக்கத்தில் வாத்தியார் உண்டா என்று விசாரித்ததில், அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் சாமுவேல் தேவாலயத்தில் இதே கிட்டார் வாசிப்பதாகச் சொன்னார்கள். ஆளை வரவழைத்து, நியமன நடைமுறைப்படி நிற்கவைத்தே கேட்டேன்.

"எங்கே கத்துக்கிட்டே? சர்டிபிகேட் ஏதாவது இருக்கா?"

"அதெல்லாம் இல்ல சார். நீங்க கொஞ்சம் வாசிங்க, கேக்கிறேன்."

வாசித்தேன். அவர் என் கையையே பார்த்தார்.

"இன்னா சார், ஆபீஸ் முத்திரை குத்துற மாதிரி அமுக்கிக்கினு கீறீங்க? கட்டை கம்பி மேல சும்மா ஒக்காந்தா போதும்."

அழுத்தத்தை விட்டேன். கம்பி முதல் முறையாகப் பாடியது. வெட்கத்தோடு நிமிர்ந்து பார்த்தால், அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"உக்காருங்க," என்றேன்.

"இருக்கட்டும் சார். இன்டர்வியூ முடியட்டும்."

விழாவில் சுமாராக வாசித்தேன். தாசில்தார் கைகூடத் தட்டினார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என் சர்வீஸில் எத்தனை பேரை அப்படி நிற்கவைத்தேன் என்பதற்கு மட்டும் கோப்பு எதுவும் இல்லை.